வாசகர் கேள்வி-பதில்: ஓர் ஊர் எவ்வளவு உழைக்கிறது, எவ்வளவு நடக்கிறது என்று அளப்பது எப்படி?

கேள்வி: எங்கள் பகுதியில் வயது வந்தவர்கள் எந்த அளவுக்கு உடலை அசைத்து வாழ்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தலாம் என்று நாங்கள் சிலர் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். நடைபாதை வேண்டும், பூங்கா வேண்டும் என்று மனு கொடுப்பதற்கு முன்னால் கையில் ஒரு புள்ளிவிவரம் இருந்தால் நல்லது என்பது எண்ணம். "தினமும் உடற்பயிற்சி செய்கிறீர்களா, ஆமாவா இல்லையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்துவிடும்" என்கிறார் நண்பர் ஒருவர். அது போதுமா?

பதில்: போதாது. அந்த ஒரு கேள்வியிலேயே உங்கள் ஊரில் அதிகம் உழைக்கிற ஆட்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள்.

ஒரு வீட்டு வாசலில் நின்று இதைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறக்கிற அம்மா, "உடற்பயிற்சியா? அதுக்கெல்லாம் எனக்கு ஏதுங்க நேரம்" என்பார். நீங்களும் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவீர்கள். ஆனால் அவர் விடிந்ததிலிருந்து கீழேயிருந்து மாடிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கியிருப்பார், வீடு முழுக்கக் குனிந்து துடைத்திருப்பார், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு நடந்து போய் வந்திருப்பார். அடுத்த வீட்டில் இருப்பவர் வாரத்தில் மூன்று நாள் காலையில் இருபது நிமிடம் நடந்துவிட்டு மற்ற நேரமெல்லாம் நாற்காலியிலேயே இருப்பவர், அவர் "ஆமாம், நடக்கிறேனே" என்று சட்டென்று சொல்வார். உங்கள் தாளில் சுறுசுறுப்பானவர் இவர், சோம்பேறி அந்த அம்மா. மூட்டை தூக்குகிறவர், கட்டடவேலை செய்கிறவர், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் என்று எல்லோருக்கும் இதே கதிதான். கேட்கிற விதத்தில்தான் யார் கணக்கில் வருகிறார், யார் விடுபடுகிறார் என்பது தீர்மானமாகிறது, அதனால் கேள்வியை முதலில் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

உடலியக்கத்தை ஆராய்கிற இந்தத் துறையே மக்கள் செய்கிற வேலையைப் பார்த்துத்தான் தொடங்கியது என்பதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துனர்களையும் ஒப்பிட்டு 1953-ல் லான்செட் இதழில் எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கிற நடத்துனர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அந்த நடத்துனரிடம் போய் உடற்பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டிருந்தால் 'இல்லை' என்றுதான் சொல்லியிருப்பார்!

கேள்வி: அப்படியானால் வேறு என்ன கேட்க வேண்டும்? கேள்வித்தாளை நாங்களே தயார் செய்துகொள்ளலாமா?

பதில்: சொந்தமாகத் தயார் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் கேள்வித்தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும், வருகிற எண்ணை வேறு எந்த ஊரோடும் ஒப்பிட முடியாமல் போய்விடும். உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று ஐபேக் (IPAQ), உடலியக்கத்தை அளக்கிற சர்வதேசக் கேள்வித்தாள். பன்னிரண்டு நாடுகளில் சோதித்துப் பார்த்து 2003-ல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். அதன் சுருக்க வடிவத்தில் ஏழே கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றிக் கேட்கும். இன்னொன்று ஜிபேக் (GPAQ), இதே வேலைக்காக உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது, பதினாறு கேள்விகள், வழக்கமான ஒரு வாரத்தைப் பற்றிக் கேட்கும்.

உங்களுக்கு ஜிபேக்தான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். காரணம், அது வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரம் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்கிறது, கடைசியில் ஒரு நாளில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றும் கேட்கிறது. வேலை என்றால் சம்பளம் வாங்கும் வேலை மட்டுமில்லை, வீட்டுவேலை, வயல்வேலை, படிப்பு எல்லாம் அதில் சேரும். மேலே சொன்ன அந்த அம்மா இங்கே காணாமல் போகமாட்டார்.

ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டும். கடுமையானது, மிதமானது என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கும்போதுதான் ஆட்கள் விழிப்பார்கள். 'மிதமான உடலியக்கம்' என்று தாளில் உள்ளதை அப்படியே வாசித்தால் யாருக்கும் புரியாது. "மூச்சு கொஞ்சம் வேகமாகும், பேச முடியும், ஆனால் பாட முடியாது, அந்த மாதிரி வேலை" என்றால் உடனே பிடிபடும். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் அது கடுமையானது. உங்கள் ஊர் ஆட்கள் அன்றாடம் செய்கிற வேலைகளையே படமாக அட்டையில் ஒட்டிக் காட்டுங்கள், அந்த முறையையே உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது.

கணக்கு எளிது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கிற சக்தியை 1 மெட் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஜிபேக் கணக்கில் மிதமானதற்கு 4 மெட், கடுமையானதற்கு 8 மெட். நடந்தோ சைக்கிளிலோ போய் வருவதற்கும் 4. வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்பதை இதோடு பெருக்கிக் கூட்ட வேண்டும். மூட்டை தூக்குகிற ஒருவர் வாரத்தில் ஐந்து நாள் தினம் ஒரு மணி நேரம் கடுமையாக உழைக்கிறார் என்றால் 300 நிமிடம், அதை எட்டால் பெருக்கினால் 2,400. வேலைக்கு நடந்து போய் வர அந்த ஐந்து நாளும் இருபது நிமிடம் என்றால் இன்னொரு 400. மொத்தம் 2,800. வாரத்தில் மூன்று நாள் இருபது நிமிடம் வேகமாக நடக்கிறவருக்கு 60 நிமிடம், நாலால் பெருக்கினால் 240, அவ்வளவுதான். வாரத்துக்கு 600 வந்தால் அடிப்படைத் தேவை நிறைவேறியது என்று பொருள். வாரம் 150 நிமிட மிதமான இயக்கம் என்கிற பரிந்துரைதான் அந்த 600, 150-ஐ நாலால் பெருக்கிப் பாருங்கள்.

மொத்தத்தை மட்டும் வெளியிட்டுவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். வேலையில் எவ்வளவு, போக்குவரத்தில் எவ்வளவு, ஓய்வில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால்தான் உங்கள் மனுவுக்கே பலம். ஓய்வுநேரத்தில் பெண்களுக்குப் பூஜ்யம் என்று வந்தால் அது பூங்காவுக்கான வாதம், போக்குவரத்தில் பூஜ்யம் என்றால் நடைபாதைக்கான வாதம்.

கேள்வி: கேட்டால் எல்லோரும் கூட்டித்தானே சொல்வார்கள்? வாயால் சொல்வதை நம்பி ஒரு ஊரைக் கணிக்க முடியுமா?

பதில்: கூட்டித்தான் சொல்வார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். வேண்டுமென்றே பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பரபரப்பாக ஓடுகிற நாளில் நாம் எவ்வளவு நேரம் மூச்சு வாங்க வேலை செய்தோம் என்று யாரும் கடிகாரம் பார்த்து வைத்துக்கொள்வதில்லை. நல்ல பிள்ளை மாதிரித் தெரிய வேண்டும் என்கிற ஆசையும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவில் 2003-04 தேசிய உடல்நல ஆய்வில் ஆட்களின் இடுப்பில் அசைவை அளக்கும் அக்சிலரோமீட்டர் கருவியைக் கட்டி அனுப்பினார்கள். நாளுக்கு முப்பது நிமிடம் என்ற அளவை எட்டிய வயது வந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. வாயால் கேட்டு எடுத்த கணக்கில் வந்ததோ அதைப்போலப் பல மடங்கு.

ஆனால் இதைப் படித்துவிட்டுக் கருவி சொல்வதே வேதம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆய்வில் ஏறக்குறைய பத்து நிமிடமாவது தொடர்ச்சியாக நீடித்த அசைவைத்தான் எண்ணினார்கள், அன்றைக்கு விதி அப்படி. நாலு நிமிடம், ஆறு நிமிடம் என்று துண்டு துண்டாக ஓடியாடியவர்களுக்கு அதில் மதிப்பெண்ணே கிடையாது. 2020-ல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலில் அந்தப் பத்து நிமிட நிபந்தனையை எடுத்துவிட்டது, எல்லா அசைவும் கணக்கில் சேரும் என்றது. அளவுகோலை மாற்றினால் அதே ஊர் வேறு ஊராகத் தெரிகிறது, அவ்வளவுதான் விஷயம்.

கேள்வித்தாளின் பலம் எது, பலவீனம் எது என்று தெரிந்து பயன்படுத்துங்கள். ஐபேக்கைச் சோதித்தபோது, அதே ஆளிடம் மறுபடி கேட்டால் ஏறக்குறைய அதே பதில்தான் வந்தது, ஒத்துப்போகும் அளவு 0.8 வாக்கில் (முழுக்க ஒத்துப்போனால் 1). கருவியோடு ஒப்பிட்டால் மட்டும் 0.3 வாக்கில்தான். இதை வைத்து ஒரு தனி ஆளைப் பார்த்து "நீ இவ்வளவுதான்" என்று சொல்லக் கூடாது. ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு, இந்த வருடத்தை அடுத்த சில வருடத்தோடு ஒப்பிட, ஒரே மாதிரி கேட்டிருந்தால், கைகொடுக்கும். அப்புறம், கேட்கிறவர் சட்டென்று எழுதிக்கொள்ளாமல் ஒரு நிமிடம் பொறுத்து, "நேற்றைக்கு என்ன செஞ்சீங்க, காலையிலேருந்து சொல்லுங்களேன்" என்று நினைவைக் கிளறிவிட்டுக் கேட்டால் பதில் எவ்வளவோ தெளிவாகும். நாளுக்கு 16 மணி நேரத்துக்கு மேல் உடலியக்கம் என்று வந்த தாள்களை ஒதுக்கிவிடுங்கள், இரண்டு கேள்வித்தாள்களுக்கும் உள்ள விதிமுறை அது.

கேள்வி: இப்போதுதான் எல்லோர் கையிலும் போனும் ஸ்மார்ட்வாட்சும் இருக்கிறதே. அதில் உள்ள அடிக்கணக்கை வாங்கிக் கூட்டினால் கேள்வித்தாளே தேவையில்லையே?

பதில்: எல்லோர் கையிலும் இல்லை, அதுதான் முதல் பிரச்சினை. வாட்ச் வாங்கிக் கட்டியிருப்பவர் ஏற்கெனவே உடல்நலத்தில் அக்கறையும் கையில் கொஞ்சம் காசும் உள்ளவர். முதியவர்கள், கூலிவேலை செய்கிறவர்கள் அதில் குறைவாகத்தான் வருவார்கள். போனை எடுத்துக்கொண்டால், சட்டைப்பையில் போட்டுக்கொண்டே திரிகிறவருக்கு அடி ஏறும். மேஜைமேல் வைத்துவிட்டு வீடு முழுக்க நடக்கிறவருக்கு ஏறாது. அப்படி வைத்துவிட்டு நடப்பவர் பெரும்பாலும் யார் என்று உங்களுக்கே தெரியும். அந்த அம்மா இங்கே மறுபடி காணாமல் போகிறார்.

கருவிக்கே சில குருட்டுப் புள்ளிகளும் உண்டு. இடுப்பில் கட்டுகிற கருவிக்கு சைக்கிள் மிதிப்பது சரியாகத் தெரியாது. தலையில் சுமையோடு நடப்பதும் வெறுங்கையோடு நடப்பதும் அதற்கு ஒன்றுதான். நீச்சலுக்குப் போகும்போது கழற்றிவிடுவார்கள். மணிக்கட்டில் கட்டினால் உட்கார்ந்தபடி கையை ஆட்டுவதையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும். ஒரு நாளில் பத்து மணி நேரமாவது கட்டியிருந்தால்தான் அந்த நாளை எண்ணுவது, அப்படி நாலு நாளாவது கிடைத்தால்தான் அந்த ஆளை எண்ணுவது என்பது பரவலான வழக்கம். கருவி கட்டிய முதல் ஒன்றிரண்டு நாள் ஆட்கள் உற்சாகத்தில் கூடுதலாக நடப்பதும் உண்டு.

வசதி இருந்தால் இப்படிச் செய்யலாம். ஊர் முழுக்கக் கேள்வித்தாள், அதில் குலுக்கலில் எடுத்த சிறு பிரிவினருக்கு மட்டும் ஒரு வாரம் கருவி. வாய்ப்பேச்சுக்கும் அசைவுக்கும் எவ்வளவு இடைவெளி என்பது உங்கள் ஊர் அளவிலேயே தெரிந்துவிடும். பணம் தாராளமாக உள்ள இடத்தில் கருவியையே பெரிய அளவில் கொடுத்திருக்கிறார்கள், பிரிட்டனின் யூகே பயோபேங்க் ஆய்வு 2013 முதல் 2015 வரை சுமார் ஒரு லட்சம் பேருக்கு மணிக்கட்டுக் கருவி அனுப்பி ஏழு நாள் கணக்கு எடுத்தது. நமக்கு அது எட்டாது, தேவையும் இல்லை.

கேள்வி: பத்தாயிரம் அடி நடந்தால்தான் சுறுசுறுப்பானவர் என்று எல்லையை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்த எண் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது. 2022-ல் பதினைந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடியிலும், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடியிலும் இறப்பு அபாயம் குறைவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது என்று தெரிந்தது. பத்தாயிரம் என்று கோடு போட்டால் 7,000 அடி நடக்கிற எழுபது வயதுக்காரரைத் தோற்றவர் பட்டியலில் சேர்த்துவிடுவீர்கள்.

கேள்வி: எத்தனை பேரிடம் கேட்டால் போதும்? காலையில் மைதானத்துக்கு வருகிறவர்களிடம் கேட்டால் வேலை சுலபமாக முடியுமே?

பதில்: மைதானத்துக்கு வருகிறவர்களிடம் கேட்டால் மைதானத்துக்கு வருகிறவர்களைப் பற்றித்தான் தெரியும். வீடு வீடாகத்தான் போக வேண்டும், அதையும் குலுக்கல் முறையில்.

நூற்றுக்கு ஐந்து கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை என்றால், கணக்கின்படி 384 பேர். ஊரில் வயது வந்தவர்களே 2,000 பேர்தான் என்றால் 320-ஐ ஒட்டிப் போதும். தெருத் தெருவாகக் கொத்தாக எடுக்கிறீர்கள் என்றால் ஒரே தெருக்காரர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி வாழ்பவர்கள் என்பதால் எண்ணிக்கையை ஒன்றரை மடங்கு, முடிந்தால் இரண்டு மடங்கு ஆக்குங்கள்.

எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை வேறு இடத்தில். கதவைத் திறக்கிறவரிடமே கேட்டுவிட்டு வராதீர்கள். பகலில் கதவைத் திறப்பவர் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பவர், அதே ஆட்களைத்தான் சேர்த்துக்கொண்டு வருவீர்கள். வீட்டில் உள்ள வயது வந்தவர்கள் எல்லோரையும் எழுதிக்கொண்டு, யாருடைய பிறந்தநாள் கடைசியாக வந்து போனதோ அவரிடம் கேட்பது என்று ஒரு விதி வையுங்கள். அவர் வேலைக்குப் போயிருந்தால் சாயங்காலமோ விடுமுறை நாளிலோ திரும்பப் போங்கள், இரண்டு மூன்று முறையானாலும் சரி. பூட்டியிருக்கிற வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீடு என்று மாற்றிக்கொள்ளவே கூடாது. பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள்தான் நீங்கள் தேடுகிற ஆட்கள். ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கலாம் என்ற நண்பரின் திட்டம் இங்கேதான் உடைகிறது.

கேள்வி: நான் நாள் முழுக்க நின்றுகொண்டும் சுமை தூக்கிக்கொண்டும் வேலை செய்கிறவன். உங்கள் கணக்குப்படி நான் சுறுசுறுப்பானவன்தான். ஆனால் மருத்துவர் நடக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டும் சரிதான், தம்பி. கணக்கு நீங்கள் எவ்வளவு சக்தி செலவழிக்கிறீர்கள் என்பதைச் சொல்கிறது, அந்த உழைப்பு உடம்புக்கு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஓய்வில்லாமல் மணிக்கணக்கில் சுமப்பதும், விருப்பப்பட்ட வேகத்தில் அரைமணி நேரம் நடந்துவிட்டு உட்கார்வதும் இதயத்துக்கு ஒரே மாதிரி இருப்பதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, இன்னும் விவாதம் நடந்துகொண்டிருக்கிற விஷயம் இது. உங்கள் உடம்பை நேரில் பார்த்தவர் மருத்துவர், அவர் சொல்வதைக் கேளுங்கள். கணக்கெடுப்பு நடத்துகிறவர்கள் உங்களைப் போன்றவர்களை '2,800 எடுத்துவிட்டார், இவருக்கு ஒன்றும் தேவையில்லை' என்று மூடிவிடக் கூடாது என்பதற்காகவும்தான் மூன்றையும் பிரித்துக் காட்டச் சொன்னேன்.

கேள்வி: சரி, எல்லாம் செய்து ஒரு எண் வந்துவிட்டது. அது நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உலக அளவில் 2022-ல் வயது வந்தவர்களில் சுமார் 31 சதவீதம் பேர், அதாவது ஏறக்குறைய 180 கோடிப் பேர், போதிய அளவு உடலியக்கம் இல்லாதவர்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு 2024-ல் வெளியானது. பெண்கள் 34, ஆண்கள் 29. 2010-ல் மொத்தம் 26 ஆக இருந்தது. உங்கள் எண்ணை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் அதோடு நின்றுவிட்டால் பயன் குறைவு.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ராக்ஹாம்டன் என்றொரு ஊர். 2001-ல் அங்கே ஊரையே நடக்க வைக்க ஒரு திட்டம் தொடங்கினார்கள். அப்போதே இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள், அதே மாநிலத்தில் எந்தத் திட்டமும் இல்லாத மக்காய் என்ற ஊரிலும் அதே கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டார்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டபோது ராக்ஹாம்டனில் மொத்தமாகப் பார்த்தால் பெரிய ஏற்றம் இல்லை, பெண்களிடம் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. அதை மட்டும் பார்த்திருந்தால் திட்டம் ஏதோ பாதி தேறியது என்று விட்டிருப்பார்கள். மக்காயிலோ சுறுசுறுப்பானவர்களின் பங்கு அதே காலத்தில் இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒப்பிட ஓர் ஊர் இருந்ததால்தான், இறங்காமல் நின்றதே திட்டத்தின் பலன் என்று சொல்ல முடிந்தது. அதனால் உங்களைப் போன்ற இன்னொரு ஊரில் யாரையாவது பிடித்து, அதே வாரங்களில் அதே தாளில் கேட்கச் சொல்லுங்கள்.

நடைபாதை வந்த பிறகு மறுபடி அளக்கப் போனால் இந்த முறை எந்த மாதத்தில் கேட்டீர்களோ அதே மாதத்தில் போங்கள். கொளுத்தும் வெயிலில் எடுத்த கணக்கையும் இதமான மாதத்தில் எடுத்த கணக்கையும் ஒப்பிட்டால் நீங்கள் அளந்தது வானிலையாக இருக்கும். கேள்வியில் ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள், இன்னும் நன்றாகக் கேட்கலாமே என்று தோன்றினாலும். புதுக் கேள்வி வேண்டுமென்றால் தாளின் கடைசியில் சேருங்கள். முதல் கணக்கின் தாள்களையும், யார் யாரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற குறிப்பையும் பெயர் தெரியாதபடி எண் போட்டு இரண்டு இடத்தில் வைத்திருங்கள். அடுத்த முறை எடுப்பவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.